கொலுவுக்கு வந்த மண்

நவராத்திரிக்கு முந்தின நாள் புனே கோர்படியில், ஒரு மூன்றாம் மாடிச் சமையலறையில், மங்கையர்க்கரசி மண்ணை வறுத்துக்கொண்டிருந்தாள். சும்மா இல்லை. சல்லடையில் சலித்து, கட்டி வேர் எல்லாம் பொறுக்கி எறிந்து, இரும்பு வாணலியில் போட்டு, ரவை வறுக்கிற பக்குவத்தில் கை விடாமல் கிளறி வறுத்தாள். கொலு வைக்கிறவளுக்குப் பூச்சி புழு என்றால் எவ்வளவு பயம் என்பது கொலு வைத்தவர்களுக்குத்தான் தெரியும். வருஷம் முழுக்கப் பழைய துணியில் சுற்றிப் பெட்டியில் காத்துவைத்த பொம்மைகளின் காலடியில் ஒரு கம்பளிப்பூச்சி ஊர்ந்தால், சுண்டல் வாங்க வந்தவர்கள் அதைப் பார்த்துத் தொலைத்தால், யார் பதில் சொல்வது?

வழக்கமாக இந்த வம்பே கிடையாது. படிகளுக்குப் பக்கத்தில் போடுகிற பார்க்குக்கு நர்சரியில் பாக்கெட்டில் விற்கிற தேங்காய் நார்த்தூளை வாங்கித் தட்டில் பரப்பி, கடுகையும் கேழ்வரகையும் தூவினால் போதும், பச்சைப் பசேல் என்று வந்துவிடும். நடுவில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றினால் குளம். ஒரு வாத்து, ஒரு பெஞ்சு, பெஞ்சில் ஒரு செட்டியார், வேலை முடிந்தது. இந்த வருஷம்தான் அவள் கணவர் கோகுல்நாத் ஒரு கமேலா நிறைய மண்ணைக் கொண்டுவந்து பால்கனியில் இறக்கி, பார்க்குக்கு இதையே போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டார். கமேலா என்றால் கொத்தனார்கள் சாந்து சுமக்கிற இரும்புச் சட்டி. இருபது வருஷம் புனேயில் இருந்ததில் அதைத் தமிழில் என்னவென்று சொல்வார்கள் என்பதே அந்த வீட்டில் மறந்துபோயிருந்தது.

"நம்ம மண்ணு. ஒரு சட்டியாவது மிஞ்சட்டும்" என்றார் அவர். கை கழுவப் போய்விட்டார்.

நம்ம மண்ணு என்று அவர் சொன்னதில்தான் துக்கமே இருந்தது. அது அவர்கள் மண் இல்லை.

கோகுல்நாத் ஹிஞ்சேவாடியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் மேனேஜர். பாதி ஆயுளை அந்த ரோட்டின் டிராஃபிக்குக்குத் தானம் செய்தவர். கம்பெனி கார் ஓட்டுகிற அமோல் என்ற பையனிடம் பேச்சுக்கொடுத்துக்கொண்டே போனதில், சோலாப்பூர் ரோட்டில் யவத் தாண்டி அவன் அம்மாவுக்கு நிலம் இருக்கிறது, பயிர் வைக்க ஆள் இல்லை என்று தெரியவந்தது. மூன்று வருஷத்துக்கு முன் அதில் ஒரு துண்டைக் குத்தகைக்கு எடுத்தார். அன்றிலிருந்து சனி ஞாயிறு என்று இரண்டு கிழமைகள் அந்த வீட்டில் இல்லாமலே போயின. ஊரில் மற்ற ஆண்கள் குடிக்கிறார்கள், சீட்டாடுகிறார்கள், எங்க வீட்டுக்காரருக்கு மண்ணுதான் சக்களத்தி என்று மங்கையர்க்கரசி தமிழ்ச் சங்கத்துப் பெண்களிடம் சொல்லிச் சிரிப்பாள்.

அவர் விவசாயமும் வேடிக்கையாகத்தான் இருந்தது. உழமாட்டார். அறுத்த தாளைக் கொளுத்தமாட்டார். மண்ணை ஒரு நாள்கூட வெறும் உடம்பாக வெயிலில் போடமாட்டார். மழைக்காலம் முழுக்கச் சணப்பையும் கொள்ளையும் அடர்த்தியாக விதைத்து, சணப்பை பூ எடுக்கிற நேரத்தில் அதை அப்படியே தரையோடு சாய்த்து, பாய் விரித்த மாதிரி போட்டுவிடுவார். மூடாக்கு என்பார் அதை. அந்தப் பாயைக் கீறி அதற்கடியில் சோளத்தையும் கடலையையும் ஊன்றுவார். மதராஸிக்கு உழச் சோம்பல் என்று ஊரே சிரித்தது. முதல் வருஷத்துச் சோளம் குருவிக்கும் காணவில்லை. இரண்டாம் வருஷம் பரவாயில்லை. மூன்றாம் வருஷம் மண்ணே கறுத்து, புட்டுமாவு மாதிரி உதிர ஆரம்பித்தது.

அங்கேதான் பிடித்தது வினை. ஹிஞ்சேவாடிப் பக்கம் எழும்புகிற அடுக்குமாடிகளுக்குப் புல்தரை போட்டுத் தருகிற ஒப்பந்தக்காரன் ஒருவன் நல்ல மண் தேடி ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்தான். அத்தனை வயலிலும் கையை விட்டுப் பார்த்துவிட்டு, இதுதான் வேண்டும் என்று நின்றான். மேல்மண்ணை இரண்டடி ஆழத்துக்கு வழித்துக்கொண்டு போய்விடுவான். நிலத்துக்காரி, அமோலின் அம்மா மந்தாதாய், ஒப்புக்கொண்டுவிட்டாள். அவளுக்கும் காரணம் இல்லாமல் இல்லை. புருஷன் போன பிறகு பெண்ணின் கல்யாணத்துக்காகப் பக்கத்துத் துண்டின் மண்ணைச் செங்கல் சூளைக்குக் கொடுத்தவள் அவள். இப்போது அமோல் எத்தனை நாள்தான் அடுத்தவன் காரை ஓட்டுவது, சொந்தமாக ஒன்று வாங்க வேண்டும் என்று நின்றான். குத்தகை தசராவோடு முடிகிறது. தசரா அன்றே நல்ல நேரம் பார்த்து இயந்திரம் வந்துவிடும்.

மூன்று வருஷமாகக் கட்டின மண் அது. அதை நல்ல மண்ணாக்கியதே அதற்கு எமனாகிவிட்டது. கோகுல்நாத் கேட்டுப் பார்த்தார், குத்தகையைக் கூட்டித் தருகிறேன் என்றார், ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பேச்சை நிறுத்திவிட்டார். சாப்பிடும்போதும் வாய் திறக்கவில்லை. சக்களத்தி சக்களத்தி என்று கேலி செய்த மங்கையர்க்கரசிக்கு, இப்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதனால்தான் அந்தக் கமேலாவைத் தூக்கி எறியாமல், பாக்கெட் தூளை வாங்காமல், வாணலியை எடுத்தாள்.

வறுத்த மண் சந்தனப் பொடி மாதிரி வந்தது. தாம்பாளத்தில் பரப்பி, வீட்டில் இருந்த கடுகு அத்தனையையும் தூவி, தண்ணீர் தெளித்தாள். தெளித்த நிமிஷமே குழைந்து களியாகிவிட்டது. தண்ணீர் மேலேயே குளம் கட்டி நின்றது, கடுகு அதில் மிதந்தது. மறுநாள் காலையில் பார்த்தால் மேலே பாளமாக இறுகி, ஓட்டுச் சில்லு மாதிரி கிடந்தது. கலசம் வைக்க வேண்டிய நேரம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு வந்த கோபத்தில் தாம்பாளத்தைப் பால்கனி வாளியில் கவிழ்த்தாள். கமேலாவில் மீதி இருந்த மண்ணைச் சலிக்காமல், வறுக்காமல், வேரும் வைக்கோலும் கட்டியுமாக அப்படியே கொட்டிப் பரப்பினாள். வேகத்தில் ஒரு செம்புத் தண்ணீரையும் சாய்த்தாள்.

வழியப்போகிறது என்று துணியை எடுத்து வைத்துக்கொண்டாள். வழியவில்லை. தண்ணீர் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. சாம்பாரை இட்லி குடிக்கிற மாதிரி மண் குடித்துவிட்டுச் சும்மா இருந்தது. இன்னொரு செம்பு ஊற்றினாள். அதையும் குடித்தது. தொட்டால் கை ஈரமாயிற்று, சேறாகவில்லை. கூடத்தில் கோடை மழை பெய்த வாசம் அடித்தது. மங்கையர்க்கரசி துணியைத் திரும்ப எடுத்துவைத்தாள்.

கடுகு தீர்ந்துவிட்டதால் பூஜைக்கு வாங்கிய நவதானியப் பொட்டலத்தைப் பிரித்துத் தூவினாள். படியிலும் ஒரு தகராறு. மகள் தேஜஸ்வினி பொம்மை அடுக்கும்போது ஏறி நின்றதில் ஒரு பலகை விரிசல் விட்டுவிட்டது. உயரமான பண்ருட்டி அம்மனுக்கும் கலசத்துக்கும் படியில் இடம் இல்லை. சரி, இந்த வருஷம் அம்மாள் பார்க்கிலேயே இருக்கட்டும் என்று மண்ணின் நடுவில் அம்மனை வைத்து, முன்னால் கலசத்தையும் வைத்தாள். வாத்தும் செட்டியாரும் ஓரத்துக்கு நகர்ந்தார்கள்.

மூன்றாம் நாள் தேஜஸ்வினி கூடத்திலிருந்து கூப்பிட்டாள். அவளுக்குத் தமிழ் தட்டித்தட்டித்தான் வரும்.

"அம்மா, இங்க சாமி கால் கிட்ட... கேஞ்சுவா இருக்கு. தமிழ்ல அதுக்கு தெரியல."

மண்புழு. அம்மன் காலடியில் தலையை நீட்டி, செட்டியாரின் பெஞ்சு வரை நிதானமாகப் போய், மறுபடி மண்ணுக்குள் நுழைந்தது. மங்கையர்க்கரசி அலறியிருக்க வேண்டும். ஏனோ அலறல் வரவில்லை. குனிந்து பார்த்தாள். ஒரு மொச்சை தன்னைவிடப் பெரிய மண்கட்டியைத் தலையால் தூக்கிக்கொண்டு நின்றது, பானையின் மூடியைத் தூக்கி எட்டிப்பார்க்கிற மாதிரி. அதன் பக்கத்தில் பயறு, எள், நெல் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்துகொண்டிருந்தன. விதைக்காதவைகூட வந்திருந்தன. போன வருஷத்துச் சணப்பை ஒன்று, பேர் தெரியாத ஒரு சின்ன இலை.

அன்று மத்தியானம் அவளுக்கு வேலையே ஓடவில்லை. கிண்ணக் குளத்தில் ஒரு மண்கட்டி விழுந்து கிடந்தது. முதல் நாள் கை தவறி விழுந்ததாக இருக்கும். கரைந்து சகதியாகியிருக்கும் என்று எடுக்கப்போனால், விழுந்த வடிவம் மாறாமல் உட்கார்ந்திருந்தது, தண்ணீரும் தெளிவாக இருந்தது. வாளியில் போட்ட வறுத்த மண் என்ன ஆயிற்று என்று போய்ப் பார்த்தாள். வெறும் சேறு. இரண்டும் ஒரே கமேலாவில் வந்த ஒரே மண். கட்டியை எடுத்து வெளிச்சத்தில் உடைத்தாள். உள்ளே தலைமுடியைவிட மெல்லிய வெள்ளை நூல்கள் ஒரு துணுக்கிலிருந்து இன்னொரு துணுக்குக்கு ஓடின. யாரோ உட்கார்ந்து ஒவ்வொரு பருக்கையையும் இன்னொன்றோடு தைத்திருந்தார்கள். வாணலியில் அவள் எரித்தது இந்தத் தையலைத்தான்.

சாயங்காலம் கோகுல்நாத் வந்ததும் காட்டினாள். அவர் அது பூஞ்சை இழை, அதுதான் வேருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கும் என்று ஆரம்பித்தார். பல நாள் கழித்து அவர் குரல் கேட்கிறதே என்று அவள் பேசவிட்டாள். பிறகு கேட்டாள்.

"இம்புட்டும் தெரிஞ்சி வச்சிக்கிட்டா மூணு வருசம் என்கிட்ட வாயத் தொறக்காம இருந்தீய?"

"சொன்னேன். நீதான் சக்களத்தின்னு சிரிச்ச."

அவள் உடைத்த கட்டியைக் கொண்டுபோய் மறுபடி தாம்பாளத்திலேயே வைத்தாள்.

ஐந்தாம் நாள் மந்தாதாய் வீட்டுக்குத் தேவியைக் கும்பிடப் போனார்கள். மண் விற்கிற விஷயம் ஒரு பக்கம் இருந்தாலும் வருஷா வருஷம் போகிற வழக்கத்தை விடக் கூடாது என்று மங்கையர்க்கரசிதான் கிளப்பினாள். யவத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. வயலோரம் காரை நிறுத்திக் குடையோடு இறங்கினார்கள். சூளைக்குக் கொடுத்த துண்டில் பழுப்புத் தண்ணீர் நெஞ்சளவு பள்ளத்தில் தேங்கிக் கிடந்தது. தாங்காததெல்லாம் ரோட்டோரமாகக் காப்பி நிறத்தில் ஓடிற்று. வரப்புக்கு இந்தப் பக்கம், சாய்ந்து காய்ந்த சணப்பைப் பாயின்மேல் அதே மழைதான் அடித்துப் பெய்தது. ஒரு சொட்டு நிற்கவில்லை, ஒரு சொட்டு ஓடவில்லை. ஆகாயத்தையே ஊற்றினாலும் வாங்கிக்கொள்கிறேன் என்று அந்தத் துண்டு மட்டும் வாயைத் திறந்து படுத்திருந்தது.

மங்கையர்க்கரசி குடையை மடக்கி அதன் முனையைத் தரையில் ஊன்றினாள். அழுத்தவே இல்லை. ஒரு சாணுக்குமேல் இறங்கிவிட்டது. அவள் மழையில் நனைந்துகொண்டு அந்தக் குடையைப் பார்த்தாள். மூன்று வருஷமாக இந்த ஆள் இங்கே என்ன செய்துகொண்டிருந்தார் என்பது அவளுக்கு அன்றுதான் புரிந்தது. காலுக்குக் கீழே ஒரு பெரிய உயிர் படுத்து மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது, இன்னும் சில நாளில் அதன் தோலை உரிக்க ஆள் வரப்போகிறது. அவள் அழுதாள். மழை என்பதால் யாருக்கும் தெரியவில்லை.

மந்தாதாய் வீட்டில் தேவிக்கு முன்னால் கடம் வைத்திருந்தார்கள். அந்த ஊர் வீடுகளில் நவராத்திரி முதல் நாள், சொந்த வயல் மண்ணை இலையில் பரப்பி, தானியம் தூவி, நடுவில் தண்ணீர் நிறைத்த மண்குடம் வைப்பார்கள். குடத்துக் கசிவிலேயே பயிர் முளைக்க வேண்டும். அது வளர்கிற உயரத்தைப் பார்த்து வரப்போகிற வெள்ளாமையைச் சொல்வார்கள். தசரா அன்று குடத்தை எடுத்து, அந்த முளைகளை ஆண்கள் தொப்பியிலும் பெண்கள் தலையிலும் செருகிக்கொள்வார்கள். மண் வயலுக்கே திரும்பப் போகும்.

மந்தாதாயின் கடத்தில் மண் வழவழவென்று களியாகிக் கிடந்தது. விதைகள் ஊதி அழுகியிருந்தன. ஓரத்தில் மஞ்சளாக ஏழெட்டு முளை, அவ்வளவுதான். மங்கையர்க்கரசிக்கு அரைகுறை மராத்திதான். என்ன மண் இது என்று கேட்டாள். சூளைக்குக் கொடுத்த பள்ளத்திலிருந்து எடுத்தது என்றாள் மந்தாதாய். போன வருஷமும் அதிலிருந்துதான் எடுத்தாளாம், போன வருஷமும் இப்படித்தான். தேவிக்கு என்மேல் கோபம் என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த நல்ல துண்டிலிருந்து ஒரு பிடி எடுத்திருக்கலாமே என்று கேட்க மங்கையர்க்கரசிக்கு வாய் வரவில்லை. கேட்காமலே மந்தாதாய் சொன்னாள். அதற்குத்தான் வாக்குக் கொடுத்துவிட்டேனே, விற்கப்போகிற மண்ணில் தேவியை எப்படி உட்கார வைப்பேன்?

மங்கையர்க்கரசிக்குச் சுருக்கென்றது. இந்த அம்மாள் தொட அஞ்சிய மண்ணைத்தான் அவள் வாத்துக்கும் செட்டியாருக்கும் பார்க் போட எடுத்து வந்திருக்கிறாள். அம்மனை வேறு நடுவில் நிறுத்தியிருக்கிறாள். தெரிந்தால் என்ன நினைப்பாள்? இந்தக் கலக்கத்திலும் வாசலில் செருப்பு மாட்டும்போது பழக்கதோஷத்தில் வாய், நம்ம வீட்டுக்கும் ஒரு நாள் வாங்க என்று அழைத்துவிட்டது. அஷ்டமி அன்று வருகிறேன் என்றாள் மந்தாதாய்.

அஷ்டமி காலையிலேயே மங்கையர்க்கரசி பார்க்கைக் கலைக்கத் துணிந்தாள். கொலுவை நடுவில் கலைக்கக் கூடாது என்பது அவள் வீட்டுச் சட்டம், அதை மீறவும் தயாராக இருந்தாள். ஆனால் மண் விடவில்லை. அம்மனைத் தூக்கப் பார்த்தால் கூடவே தாம்பாளம் எழும்பிற்று. வேர்கள் ஒன்றோடொன்று பின்னி, அம்மனின் பீடத்தைச் சுற்றிப் பிடித்து, மண் முழுவதும் ஒரே பாயாகியிருந்தது. பயறும் மொச்சையும் அம்மனின் இடுப்புக்குமேல் வளர்ந்து நின்றன, முகம் மட்டும் இலைகளுக்கு நடுவில் தெரிந்தது. பலமாக இழுத்தால் பொம்மை உடையும். உடைந்தாலும் பரவாயில்லை என்று இழுக்க அவளுக்கு மனம் வரவில்லை. மேலே ஒரு பட்டுத்துணியைப் போட்டு மூடினாள். மூடியது கேவலமாக இருந்ததால் அதையும் எடுத்துவிட்டாள். வருவது வரட்டும்.

அமோல் கம்பெனி காரில் அம்மாவைக் கூட்டிவந்தான். மந்தாதாய் ஒன்பது கெஜத்தில், கொலுவைப் பார்த்துச் சிரித்தபடி உள்ளே வந்தாள். தசாவதாரத்தைப் பார்த்தாள், கல்யாண செட்டைப் பார்த்தாள், கிரிக்கெட் ஆடுகிற பொம்மைகளைப் பார்த்துத் தலையாட்டினாள். பிறகு திரும்பினாள். சிரிப்பு நின்றுவிட்டது.

பச்சைக்கு நடுவில் அம்மன், முன்னால் கலசம், சுற்றிலும் ஒரு சாண் உயரத்துக்கு ஒன்பது தானியம். வாத்தும் பெஞ்சும் அதற்குள் எங்கோ காணாமல் போயிருந்தன. அவள் கண்ணுக்கு அது பார்க் இல்லை. மெல்லத் தரையில் உட்கார்ந்து, முளைகளை விலக்கி மண்ணைத் தொட்டாள். விரலில் எடுத்து மோந்தாள்.

"ஹீ மாத்தி குட்லி?" என்று கேட்டாள். இது எந்த இடத்து மண்?

பொய் சொல்லியிருக்கலாம். நர்சரி மண் என்று ஒரு வார்த்தை போதும். அந்தப் பொய் மங்கையர்க்கரசிக்கு வரவில்லை.

"தும்சீச்" என்றாள். உங்களுடையதேதான்.

மந்தாதாய் கலசத்துக்குக் குங்குமம் வைத்து, தரையில் நெற்றி பட விழுந்து கும்பிட்டாள். எழுந்து நேராக வாசலுக்குப் போய்விட்டாள். சுண்டல் எடுத்துக்கொள்ளவில்லை. வெற்றிலை பாக்குத் தட்டோடு மங்கையர்க்கரசி லிஃப்ட் வரை ஓடினாள். அமோல் திருதிருவென்று விழித்தான், லிஃப்ட் மூடிக்கொண்டது.

கொலு பார்க்க வந்தவள் தாம்பூலம் வாங்காமல் போனதுபோல ஒரு கேடு அவளுக்குத் தெரிந்து கிடையாது. அன்று ராத்திரி அவளுக்குச் சோறு இறங்கவில்லை. "அந்த அம்மா சாமி காரியத்த நான் வெளையாட்டாக்கிட்டேன்" என்று புலம்பினாள். கோகுல்நாத், நீ தெரிந்தா செய்தாய் என்று மட்டும் சொன்னார். நிலத்தின்மேல் இருந்த கடைசிச் சொட்டு நம்பிக்கையும் அன்றோடு அவருக்குப் போயிற்று என்பது அவர் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

விஜயதசமி காலையில் போன் வந்தது. மந்தாதாய்தான். அம்மனையும் மண்ணையும் முளைகளையும் கலைக்காமல் அப்படியே வயலுக்குக் கொண்டுவரச் சொன்னாள். காரணம் சொல்லவில்லை. இயந்திரம் வந்துவிட்டதா என்று கோகுல்நாத் கேட்டதற்கு, வந்து நிற்கிறது என்று வைத்துவிட்டாள். மங்கையர்க்கரசி கொலுவுக்கு முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு புருஷனும் பெண்டாட்டியுமாகத் தாம்பாளத்தைத் தூக்கினார்கள். சோலாப்பூர் ரோடு முழுக்க அது அவள் மடியில் இருந்தது. ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கருக்கும் அம்மனின் தலை பயறு இலைகளுக்கு மேலே அசைந்தது. எதற்குக் கூப்பிடுகிறாள்? திட்டவா, பறித்துக்கொள்ளவா? மடியில் ஈரம் இறங்கிச் சேலை நனைந்ததை அவள் கவனிக்கவே இல்லை.

வயலோரத்தில் மஞ்சள் ஜேசிபி நின்றுகொண்டிருந்தது. தசரா ஆயிற்றே, அதற்கும் சாமந்தி மாலை போட்டுப் பொட்டு வைத்திருந்தார்கள். ஓட்டுகிறவன் வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு கிராமத்து ஆள். எஞ்சினைப் போட்டுவிட்டு நல்ல நேரத்துக்குக் காத்திருந்தான். அமோல் வரப்பில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றான். அவன் முகத்தைப் பார்த்ததும்தான் மங்கையர்க்கரசிக்கு ஏதோ நடக்கப்போகிறது என்று பட்டது.

மந்தாதாய் தாம்பாளத்தை வரப்பில் இறக்கச் சொன்னாள். கும்பிட்டு, முளைகளில் ஒரு கொத்தைப் பறித்தாள். முதலில் மங்கையர்க்கரசியின் கொண்டையில் செருகினாள். அமோலின் காதோரத்தில் வைத்தாள், அவன் தலையை விலக்கப் பார்த்தும் விடவில்லை. பிறகு இயந்திரத்தின் படியில் கால் வைத்து ஏறி, ஓட்டுகிறவனின் தொப்பியில் ஒரு கொத்தைச் செருகினாள். இது எந்த வயலின் முளை என்று அவன் கேட்டான். இதுதான் என்று அவள் கீழே கையைக் காட்டினாள்.

அவன் அந்த மண்ணைப் பார்த்தான். சாவியைத் திருகி எஞ்சினை அணைத்தான்.

அந்த அமைதியில் மந்தாதாய் மகனைப் பார்த்துப் பேசினாள். மராத்தியில் சொன்னதை மங்கையர்க்கரசி பிறகு எத்தனையோ பேரிடம் தன் பாஷையில் சொல்லியிருக்கிறாள். இப்படித்தான் சொல்லுவாள்:

"விக்கப்போற மண்ணுல தேவிய உக்கார வைக்கக் கூடாதுன்னு நான் பயந்து வேற மண்ணு எடுத்தேன். அவ அதுல உக்காரல. ஊரத் தாண்டிப் போயி, பாஷை தெரியாத வீட்டுல, இந்த மண்ணத் தேடிப் பிடிச்சு உக்காந்துட்டா. இனிம இத விக்க நான் யாரு?"

அமோல் ரோட்டைப் பார்த்து நடந்தான். தீபாவளி வரை அவன் அம்மாவிடம் பேசவில்லை. அது நியாயமான கோபம்தான். அவன் இன்றைக்கும் அடுத்தவன் காரைத்தான் ஓட்டுகிறான், கோகுல்நாத் அதில் ஏறுகிறபோதெல்லாம் குற்றவாளி மாதிரி பின்சீட்டில் ஒடுங்கி உட்காருகிறார். குத்தகை புதுப்பிக்கப்பட்டது. இந்த மூடாக்கு வித்தையை அந்தப் பள்ளத்திலும் செய்து பார்ப்பீர்களா என்று மந்தாதாய் கேட்டிருக்கிறாள். பத்து வருஷமாவது ஆகும் என்றார் அவர். ஆகட்டும் என்றாள்.

அன்று வயலில் கோகுல்நாத் வெளிப்படையாக அழுதார். மந்தாதாயும் மங்கையர்க்கரசியும் சணப்பைப் பாயை விலக்கி, தாம்பாளத்து மண்ணை வேரோடு அடைத் துண்டு மாதிரி தூக்கித் தரையில் பதித்தார்கள். அம்மனின் பீடத்தைப் பிடித்த வேர்களை விரலால் ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். பிரித்த குழியில் ஒரு மண்புழு நெளிந்தது, அடுத்த கணம் கீழே இறங்கிவிட்டது. பாயை இழுத்து மூடிய பிறகு, எந்த இடத்தில் பதித்தோம் என்று மங்கையர்க்கரசி தேடிப் பார்த்தாள். தெரியவில்லை. அத்தனை பெரிய வயலும் அந்தத் தாம்பாளமாகத்தான் இருந்தது. செருப்போடு நிற்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது, கழற்றி வரப்பில் வைத்தாள்.

அந்த வருஷம் கொலுவைப் பிரித்துப் பெட்டியில் அடுக்கும்போது எல்லாப் பொம்மைகளையும் வழக்கம்போல ஈரத்துணியால் துடைத்தாள். பண்ருட்டி அம்மனைக் கையில் எடுத்தாள். பீடத்தைச் சுற்றிக் கறுப்பு மண்ணும் அறுந்த வேரும் ஒட்டியிருந்தன. துணியைக் கீழே வைத்துவிட்டு, துடைக்காமலே பழைய சேலையில் சுற்றி வைத்தாள்.